காத்துப் புடிக்கற பேரு

ஏறுங்க, ஏறுங்க. உடுமலைதானே? நானும் அந்தப் பக்கந்தான். பையை மடியில வெச்சுக்குங்க. காலுக்கடியில மோர் பாட்டில் இருக்குது, மிதிச்சுராதீங்க. கதவை இழுத்துச் சாத்துங்க, இன்னும் ஓங்கி. ஆச்சு. இப்பக் கண்ணாடியை மேல ஏத்துங்க. முழுசா. வேக்கும், எனக்கும் தெரியும். ஆனா கண்ணாடி தெறந்திருந்தாக் காத்து உள்ள பூந்து வண்டியைப் பின்னால இழுக்கும். உங்களுக்குன்னு சொல்லலைங்க. எங்க சம்மந்தி ஏறினாலும் இதைத்தான் சொல்லுவேன். நாளைக்கு ஏறப்போறாரு. அது வேற கதை. வேற கதை என்ன, இருக்கற கதையே அதுதான்.

பஸ்ஸா? வரும். வந்து நம்மளைத் தாண்டியும் போகும். அப்ப மனசு கொஞ்சம் சங்கடப்படும், விட்டுருங்க.

இந்த வேகத்துலதான் போவோமான்னு பாக்கறீங்க. ஆமாங்க, இதுதான் வேகம். என் வலது காலைப் பாருங்க. தூங்கற கொழந்தை முதுகு மேல கை வெப்போமில்ல, எடுத்தாலும் முழிச்சுக்கும், அழுத்தினாலும் முழிச்சுக்கும், அந்த மாதிரி வெச்சிருக்கேன். இப்ப மொபட்டுல கறிவேப்பிலைக் கட்டோட ஒருத்தர் நம்மளைத் தாண்டிப் போயித் திரும்பிப் பாத்தாரே, அந்தப் பார்வையெல்லாம் பழகிப்போச்சு. காங்கேயத்துல களத்து ஆளுங்க எனக்கு ‘மாட்டு வண்டி’ன்னு பேரு வெச்சிருக்காங்க. “மாட்டு வண்டி வந்துருச்சு, தவிடு கரைச்சு வைங்கடா”ம்பாங்க. நானும் சிரிச்சுக்குவேன். சிரிக்கறதுக்கு டீசல் ஆகாது.

என் பேரு கொழந்தைவேலு. கள்ளிவலசு. இந்தக் குட்டி லாரியில தேங்காய் ஓட்டறேன். எங்க பக்கத்துத் தோப்புல ஏத்திக் காங்கேயத்துல கொப்பரைக் களத்துல எறக்கிட்டு, வெறும் வண்டியாத் திரும்பறது. போறப்பக் காத்து முதுகுல கை வெச்சுத் தள்ளும். வர்றப்ப நெஞ்சுல கை வெச்சுத் தள்ளும். ஆடி மாசம் பாருங்க. அந்தக் கரண்டுக் காத்தாடியெல்லாம் எப்படிச் சுத்துது! அதுக்கு இந்தக் காத்து வருமானம். எனக்கு இதே காத்துதான் செலவு. ஒரே காத்துல ஒருத்தன் பொழைக்கறான், ஒருத்தன் நாசமாப் போறான். இதையெல்லாம் நான் ரொம்ப யோசிப்பேன். எங்க ஊட்டுல சொல்லுவா, “மாமா, நீங்க யோசிக்கற நேரத்துக்கு ஒரு மரம் ஏறி எறங்கிருக்கலாம்”ன்னு.

இந்த வண்டி வாங்கினப்ப ரொம்பச் சாதுவா இருந்துச்சுங்க. வெள்ளையா, மொத நாள் பள்ளிக்கூடத்துல விட்ட புள்ளையாட்டம் நின்னுச்சு. எனக்குத்தான் பொறுக்கலை. அம்பது வயசு வரைக்கும் அடுத்தவன் வண்டியை ஓட்டினவன் நான். சொந்த வண்டின்னா சொந்தமாத் தெரியணுமில்ல? டயரை ஒரு சைஸ் பெருசாப் போட்டேன். பின்னால ஸ்பிரிங் பட்டை ரெண்டு சேத்து வண்டியைத் தூக்கினேன், பாரம் ஏத்தினாலும் இடுப்பு ஒடியாம நிக்கட்டும்னு. முன்னால இரும்புல கார்டு, அதுல வரிசையா லைட்டு. மேல கேரியர். உள்ள பாட்டுப் பொட்டி, அது பாடினாச் சீட்டுக்கடியில தேளு ஊர்ற மாதிரி அதிரும். ஏர் ஹாரன் ஒண்ணு. அதை நான் அடிச்சதுல எங்க ஊர் பஞ்சாயத்துத் தலைவர் ஒருக்கா வாய்க்கால்ல எறங்கிட்டாரு, வேணும்னு பண்ணலை.

எல்லாத்துக்கும் மேல, போர்டு.

இப்பப் போர்டு எங்கன்னு தலையைக் குனிஞ்சு மேல பாக்காதீங்க. சொல்றேன்.

தாராபுரத்துல தகரத்துல வேலை பாக்கற ஒருத்தர்கிட்டப் போனேன். “என்ன பேருங்க போடறது? சாமி பேரா, புள்ளை பேரா?”ன்னு கேட்டாரு. சாமி பேரு எல்லா வண்டியிலயும் இருக்குது. எனக்கு ஒரே பொண்ணு, அவ பேரு அவ ஊட்டுக்காரர் வண்டியில இருக்குது. அப்பத்தான் எனக்குத் தோணுச்சு, எம் பொண்டாட்டி பேரு எங்கயுமே இல்லைன்னு. மயிலாத்தாள்ங்கறது அவ பேரு. எங்க கல்யாணப் பத்திரிகையில அந்தப் பேரு நாகரிகமா இல்லைன்னு வேற ஏதோ ஒரு பேரைப் போட்டாங்க, அதை அன்னைக்கு ஒரு நாள் கூப்புட்டதோட சரி. ஊடு எங்கப்பா பேருல. தோட்டம் எங்கண்ணன் பேருல. பொண்ணு கல்யாணப் பத்திரிகையில எம் பேரு தடிமனா, அதுக்கடியில அவ பேரு எறும்பு போன தடமாட்டம்.

“மயிலாத்தாள்னு போடுங்க. நல்லாப் பெருசா”ன்னேன். அவரு ஒரு மாதிரி ரசனைக்காரர். பேரு நடுவுல, பேருக்குப் பின்னால ஒரு மயில், தோகையை முழுசா விரிச்சு. தகரத்தை எறகு எறகா வெட்டி, ஒவ்வொரு எறகுக்கும் கண்ணு வெச்சு. கேபினுக்கு மேல ஏத்தி நிறுத்தினா அரை ஆள் ஒசரம். வண்டி ஊருக்குள்ள வர்றப்ப நெசமாவே ஒரு மயில் வண்டி மேல ஏறி உக்காந்து வர்ற மாதிரி இருக்கும்.

அவ வாசல்ல வந்து நின்னு பாத்தா. தலையை இந்தப் பக்கம் சாச்சுப் பாத்தா, அந்தப் பக்கம் சாச்சுப் பாத்தா. “எறகு கொஞ்சம் அதிகமோ?”ன்னு மட்டும் கேட்டா. உள்ள போயிட்டா. அவ்வளவுதான்னு நெனச்சேன். மறுநாள் விடியறப்பப் பாத்தா டயரு மேல ஏறி நின்னு ஈரத்துணியில ஒவ்வொரு எறகாத் தொடைச்சுட்டிருக்கறா. அன்னையிலிருந்து தெனமும். சாமி படத்தைக்கூட வெள்ளிக்கெழமைதான் தொடைப்பா.

அதனால சொல்றேன், அந்தப் போர்டு வெறும் தகரமில்லைங்க.

சரி, சம்மந்திக்கு வர்றேன். பேரு நாச்சிமுத்து. நல்ல மனுசந்தான். வாயி மட்டும் மனுசனை விட ஒரு மொழம் முன்னால போகும். அவருகிட்டயும் இதே வண்டி, இதே கம்பெனி, இதே வருசம். ஆனா மொட்டை வண்டி. ஒரு ஊதுபத்தி கூடச் செருக மாட்டாரு. பேரனுக்குக் காது குத்துன்னு எல்லாரும் அவங்க ஊருல கூடியிருக்கோம். ரெண்டு வண்டியும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது. பந்தியில எனக்கு எதிர்ல உக்காந்திருக்காரு.

“ஏனுங்க சம்மந்தி, மயிலு எத்தனை குடுக்குது?”ன்னாரு.

“பத்துங்க”ன்னேன்.

“லிட்டருக்கா?”

“பின்னே, படிக்கா?”

எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சு அப்பளத்தை நொறுக்கினேன். அவரு விடலை.

“எனக்குப் பதினாலு குடுக்குதுங்க. தப்பு உங்க மேல இல்லை சம்மந்தி. உங்களுது வண்டியே இல்லை, சப்பரம். சப்பரத்துக்கு மைலேஜ் கேக்கறது பாவம். அதைத் தோள்ல தூக்கிட்டுப் போறதுதான் மொறை.”

இப்பச் சிரிச்சாங்க பாருங்க, பந்தியே குலுங்குச்சு. எலை போடற பையன் வரைக்கும் சிரிச்சான். சம்மந்திக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டா வேகம் எடுக்கும். “மயிலே மயிலேன்னா எறகு போடுமா? அதாட்டந்தான். மயிலே மயிலேன்னு மேல ஏத்தி வெச்சா மைலேஜ் போடுமா?”

சாதாரணமா நான் பொறுத்துப் போறவன். ஒரு சொல்லைச் சொல்றதுக்கு முன்னால பத்துத் தடவை உள்ளுக்குள்ள சொல்லிப் பாக்கறவன். அன்னைக்கு மட்டும் என்னமோ உள்ளுக்குள்ள யாருமே இல்லை. எந்திரிச்சு நின்னுட்டேன். கையில சாம்பார் சோறு. “ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு வாங்க. நீங்களே எம் பக்கத்துல உக்காருங்க. டேங்க் வாய் வரைக்கும் ஊத்திட்டுக் காங்கேயம் போயிட்டு வருவோம். பதிமூணு குடுக்கலைன்னா அந்தப் போர்டை உங்க கண்ணு முன்னால கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுடறேன்!”

சொல்லி முடிச்சுத் திரும்பிப் பாத்தா, எம் பொண்டாட்டி ரசத்தோட நிக்கறா. கரண்டி சம்மந்தி எலைக்கு மேல அப்படியே நிக்குது. பொறகு ஊத்தினா. கொஞ்சம் சம்மந்தி கை மேலயும் ஊத்தினா.

ஊட்டுக்கு வந்து சேந்தோம். எறங்கறப்பச் சொன்னா. “எம் பேரு இரும்புக் கடைக்குப் போனா, நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன் மாமா.” சத்தமாச் சொல்லலை. பால் வாங்கப் போறேன்னு சொல்ற மாதிரி சொன்னா. அவ கத்தினா எனக்குப் பயமில்லைங்க. மெதுவாச் சொன்னாத்தான்.

அன்னையிலிருந்து நான் மனுசனா இல்லை. படுத்தா மைலேஜ், எந்திரிச்சா மைலேஜ். ஏர் ஹாரனைக் கழட்டினேன். தலைவர் வந்து கையைப் புடிச்சுக்கிட்டாரு. லைட்டு, கார்டு, கேரியர், பாட்டுப் பொட்டி, ஒவ்வொண்ணாக் கழட்டிக் கொட்டகையில போட்டேன். டீ குடிக்கறப்ப எஞ்சினை ஓட விட்டுட்டுத்தான் எறங்குவேன் முந்தி, அது ஒரு கௌரவம். அதை நிறுத்தினேன். எறக்கத்துல நியூட்ரல்ல விட்டா மிச்சம்னு ஒருத்தன் சொன்னான். விட்டேன். காங்கேயம் போற வழியில முழுப் பாரத்தோட ஒரு எறக்கத்துல வண்டி எங்கிட்டச் சொல்லாமயே போக ஆரம்பிச்சுது. முன்னால ஒரு செம்மறியாட்டுக் கூட்டம். பிரேக் மேல ஏறி நின்னேன். ஆட்டுக்காரர் சொன்ன வார்த்தையை இப்ப உங்ககிட்டச் சொல்ல முடியாது. பொறகுதான் தெரிஞ்சுது, இந்தக் காலத்து வண்டியில கியர்லயே வெச்சுட்டுக் காலை எடுத்தாப் போதும், எறக்கத்துல எஞ்சின் எதையும் குடிக்காது. நியூட்ரல்ல விட்டாத்தான் அது சும்மா நின்னு குடிக்கும். என்னை மாதிரி.

அப்புறம் டயரு. பெருசைக் கழட்டிட்டுக் கம்பெனி சைஸையே மாட்டினேன். மறுநாள் காங்கேயம் போயிட்டு வந்து மீட்டரைப் பாக்கறேன், ரோடு நீண்டுருச்சுங்க! அதே ஊரு, அதே களம், நான் ஒரு டீக்குக் கூடத் திரும்பலை. ஆனா முந்தி காட்டினதை விடத் தூரம் அதிகமாக் காட்டுது. ராத்திரி பூராப் படுத்துப் படுத்து யோசிச்சேன். ரோடு வளருமா? கடைசியில புடிபட்டுது. மீட்டர் ரோட்டைப் பாக்கறதில்லை. சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னுதான் எண்ணுது. பெரிய சக்கரம் ஒரு சுத்துல அதிகமாப் போயிரும், அது மீட்டருக்குத் தெரியாது. இத்தனை நாளா நான் ஓடினதையே கொறச்சுக் காட்டிட்டு இருந்துருக்கேன். இப்ப மைலேஜ் ஏறுனதுல பாதி வெறும் கணக்குத்தான். அதுக்குச் சந்தோசப்படறதா, வெக்கப்படறதா? ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம் பட்டுக்கிட்டேன்.

அப்பத்தான் பொறி தட்டுச்சு. சம்மந்தி வண்டி டயரு என்ன சைஸு?

பேரனைப் பாக்கற சாக்குல பன்னு வாங்கிக்கிட்டுப் போனேன். அவரு வண்டியைச் சாமி சுத்தற மாதிரி மெதுவாச் சுத்தி வந்தேன். நெனச்ச மாதிரியே. எங்கயோ கெடைச்ச சின்ன சைஸ் டயரு. அதுவும் தேஞ்சு, பழனி போயிட்டு வந்த மண்டையாட்டம் இருக்குது. அது கெடுகெடுன்னு சுத்தறதையெல்லாம் மீட்டர் தூரம்னு எண்ணிட்டிருக்குது. பதினாலு குடுக்கற வண்டி இல்லைங்க அது. பதினாலுன்னு சொல்ற வண்டி!

சொன்னீங்களான்னு கேக்கறீங்க. எப்படிங்க சொல்றது? பொண்ணு குடுத்த எடம். டயரைப் பத்திப் பேச ஆரம்பிச்சா டயரோட நிக்குமா? பொண்ணு காப்பியோட வந்து, “என்னப்பா, டயரையே பாக்கறீங்க?”ன்னா. “காத்து கம்மியோன்னு பாத்தேன் கண்ணு”ன்னேன். சம்மந்தி உள்ளிருந்தே கொரல் குடுத்தாரு. “எங்களுதுல காத்து சரியாத்தான் இருக்குதுங்க. உங்க மயிலுக்குத்தான் காத்து அதிகமாப் புடிக்குது!”

காப்பி டம்ளரைக் கீழ வெச்சுட்டேன். அந்த மனுசன் கிண்டலுக்குச் சொன்னாரு. ஆனா சொன்னது நெசம்.

ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பி வர்றேன். எதிர்க்காத்துன்னா அப்படி ஒரு எதிர்க்காத்து. மேல போர்டு படபடன்னு அடிக்குது. ஒரு போல்ட்டு கழண்டுருச்சு. பறந்து போயி யாரு கழுத்தையாவது அறுத்துட்டா? களத்துக்கு அன்னைக்கு எங்கூட வந்த ஆளும் நானுமாச் சேந்து கழட்டிப் பின்னால படுக்க வெச்சோம். வண்டியை எடுத்தேன். என்னங்க சொல்றது! இத்தனை நாளா யாரோ வண்டியைப் பின்னால புடிச்சு இழுத்துட்டே இருந்து, அப்பத்தான் கையை விட்ட மாதிரி. காலை வெச்ச உடனே போகுது. நாலாவது கியர்ல மொனகிட்டு ஏறுன மேட்டுல அஞ்சாவதுல பாடிட்டு ஏறுது. பங்க்குல ஊத்திப் பாத்தா, பதினொண்ணுல இருந்தது பன்னெண்டரை.

எனக்கு அன்னைக்குச் சந்தோசம் வரலைங்க. அழுகைதான் வந்துச்சு. பாருங்க, அந்தப் பேரு வண்டி மேல நிக்கணும்னாப் பதிமூணு குடுக்கணும். பதிமூணு குடுக்கணும்னா அந்தப் பேரு வண்டி மேல நிக்கக்கூடாது. பேரைக் காப்பாத்தறதுக்குப் பேரைக் கழட்டறவன் என்ன மனுசன்? நான் அவளை ஏமாத்தறேனா, அவளுக்காக ஓடறேனா? இதைக் கோயில்ல போயிப் பூப் போட்டுக் கேட்டாக் கூடச் சாமி ரெண்டு பூவையும் சேத்துத்தான் போடும்.

ஆனாக் கழட்டினேன். தெனமும். போறப்ப மேல இருக்கும். போறப்பத்தான் காத்து பின்னாலிருந்து வருதே, கப்பல் பாயாட்டம் தள்ளட்டுமே. களத்துல தேங்காய் எறக்கறவங்க கழட்டிப் பின்னால படுக்க வெச்சுக் குடுப்பாங்க. திரும்பி வந்து, ஊருக்கு முன்னால ஒரு எடத்துல நிறுத்தி மாட்டிட்டு, மயில் ஏறி உக்காந்த மாதிரி ஊருக்குள்ள போவேன். போன வாரம் பதிமூணைத் தொட்டுட்டேன். தொட்டு என்ன பண்ண? நாளைக்குத்தான் நோம்பி. சம்மந்தி பக்கத்துல உக்காந்திருப்பாரு. அவரு முன்னால போர்டைக் கழட்டினாத் தோத்தேன். கழட்டலைன்னாலும் தோத்தேன்.

ஆமாங்க, பஸ்ஸுதான் போச்சு. பாத்தேன். ஹாரன் அடிச்சுட்டே போறான் பாருங்க, என்னமோ சாதிச்ச மாதிரி. மோர் குடிங்க. நல்லாக் கறிவேப்பிலை, இஞ்சி தட்டிப் போட்டிருப்பா. எனக்கு ஒரு பாட்டில், ஏறுற ஆளுக்கு ஒரு பாட்டில். ரெண்டு மாசமாவே ரெண்டு பாட்டில் குடுத்து விடறா. “வழியில யாராச்சும் ஏறுவாங்க, பாவம், கை வலிச்சுப் போயிருக்கும்”ம்பா. பஸ்ஸுக்கு நின்னாக் கால்தானே வலிக்கும்? அவளுக்கு எதையும் சரியாச் சொல்ல வராது. மனசு மட்டும் பெருசு.

இன்னைக்குக் காலையில நடந்ததைக் கேளுங்க. போர்டைத் தொடைச்சுட்டு எறங்கி வந்து சொல்றா. “மாமா, நாளைக்கு நோம்பி. போர்டைக் கழட்டி ஊட்டுக்குள்ள குடுத்துருங்க. மஞ்சள் குங்குமம் வெச்சுப் பூப் போடணும். நோம்பியும் அதுவுமா எம் பேரு ஏன் காத்துலயும் தூசியிலயும் அலையணும்? சம்மந்திகிட்ட நானே சொல்லிக்கறேன், பூசையில இருக்குதுன்னு. நீங்க பாட்டுக்குப் போயிட்டு வாங்க.”

 எப்பேர்ப்பட்ட மனசு! நான் திருட்டுத்தனமாத் தெனமும் கழட்டறேன், இவ அதுக்குப் பூப் போடணும்ங்கறா. அந்த நேரத்துல நானும் ஒரு மனுசனா நடந்துக்கணும்னு தோணுச்சு. அவ தோளைப் புடிச்சுச் சொன்னேன். “மயிலு, உம் பேரு இல்லாம இந்த வண்டி ஒரு அடி நகராது. ஒரு நாளும் நகந்ததில்லை, நாளைக்கும் நகராது. தோத்தாலும் சரி, அது மேலயே இருக்கட்டும்”னேன்.

அவளால தாங்க முடியலை. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. முந்தானையை வாயில அழுத்திக்கிட்டா. தோள் ரெண்டும் குலுங்குச்சு. அப்படியே உள்ள ஓடிட்டா. உள்ளிருந்து ஒரு மாதிரி சத்தம், விக்கி விக்கி, ரொம்ப நேரம் கேட்டுச்சு. நானும் கண்ணைத் தொடைச்சுட்டு வண்டியை எடுத்தேன்.

என்னங்க, நீங்களும் இருமறீங்க? மோர் பொறையேறிருச்சா? தலையைத் தட்டிக்குங்க. மெதுவாக் குடிங்க.

சரி, இந்தப் புளியமரத்தடியில ஒரு நிமிசம் நிறுத்தறேன். எறங்குங்க. இல்லைங்க, உடுமலை இன்னும் வரலை. நான் உடுமலை வரைக்கும்னு எங்க சொன்னேன்? அந்தப் பக்கம்னுதான் சொன்னேன். இது எங்க ஊரு விலக்கு. அடுத்த பஸ்ஸு இங்க நிக்கும், நானே கை காட்டி ஏத்தி விடறேன். அதுக்கு முன்னால ஒரு சின்ன ஒத்தாசை. பையை அந்தக் கல்லு மேல வைங்க.

பின் கதவைத் தெறக்கறேன். அதோ, போர்டு. அந்தப் பக்கம் புடிங்க. எறகு நுனி பாத்து, கை கிழிச்சுரும். ஒத்தை ஆளாத் தூக்கவே முடியாது, அதுக்குத்தான் தெனமும் ஒரு ஆளை ஏத்தறது. தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு நாள் வாத்தியார், ஒரு நாள் கறிக்கடைக்காரர், ஒரு நாள் போலீஸ்காரர் ஒருத்தர். அவருகிட்டச் சொல்லத்தான் கொஞ்சம் யோசிச்சேன். அவரு தூக்கிக் குடுத்துட்டு, “எங்க ஊட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு ஓடிட்டிருக்குதுங்க”ன்னுட்டுப் போனாரு.

அடியில இருக்கறது மெத்தைதான். பழைய சேலையை நாலா மடிச்சுத் தெச்சு அவதான் போட்டு விட்டா, தேங்காய் நசுங்காம இருக்கட்டும்னு. தேங்காய் எங்கயாவது நசுங்குமா? வண்டி விசயம் அவளுக்கு என்ன தெரியும்? ஆனா போர்டுல ஒரு கீறல் விழலை, அந்த வகையில எனக்கு அதிர்ஷ்டம்.

மேல தூக்குங்க. ஹா. அப்படியே செருகுங்க. ஸ்பேனரா? வேண்டாம். பாருங்க, காது வெச்ச நட்டு, கையாலயே முறுக்கிக்கலாம். இதுவும் அவ வேலைதான். பழைய நட்டு துருப்புடிச்சுப் போச்சுன்னு தாராபுரம் போனப்ப வாங்கிட்டு வந்து அவளே மாட்டி வெச்சிருக்கறா. கடைக்காரன் எதையோ குடுத்திருக்கான், இவளும் வாங்கிட்டு வந்திருக்கா. அதுவும் எனக்கு அதிர்ஷ்டம்தான். யோசிச்சுப் பாத்தா இந்த ரெண்டு மாசமா எனக்கு ஒரே அதிர்ஷ்டமா இருக்குதுங்க.

பேரு முன்னால பாத்து இருக்குதான்னு பாத்துக்குங்க. ஒரு நாள் அவசரத்துல பின்பக்கமாத் திருப்பி மாட்டிட்டோம், நானும் அந்தக் கறிக்கடைக்காரரும். ஊருக்குள்ள அப்படியே போயிட்டேன். காலையில அவ தொடைக்க ஏறுறா, எனக்கு உசுரே போயிருச்சு. கொஞ்ச நேரம் பாத்துட்டுத் திரும்பிச் சொல்றா: “நேத்து பலத்த காத்து போல மாமா. போர்டே திரும்பிக்கிச்சு.” பாவங்க. நம்பிட்டா.

அதோ அந்தத் தென்னைக்கு நடுவுல மஞ்சள் பெயிண்ட் அடிச்ச ஊடு தெரியுதுல்ல, மொட்டை மாடியோட? அதுதான் எங்களுது. மாடியில நிக்கறது அவதான். சாயங்காலமானா மொளகா காய வெக்கறேன்னு மேல போயிருவா. வெயில் எறங்கினப்பறம் என்ன மொளகாயோ. பதறாதீங்க, குனியவெல்லாம் வேண்டாம். இங்கிருந்து பாத்தாத்தான் அங்க தெரியும். அங்கிருந்து பாத்தா இங்க தெரியாது.

கை ஆட்டறாளா? எங்க? ஆமா. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, வேண்டாம் வேண்டாம்ங்கற மாதிரி ஆட்டறா. காக்கா வந்திருக்கும்ங்க. தெனமும் இந்த நேரத்துக்குத்தான் வரும். இன்னைக்கு ஒரு பெருங்கூட்டமே வந்திருக்குது போல, எப்பவும் ஒத்தைக் கையாலதான் தொரத்துவா.

நீங்க அந்த நட்டை நல்லா முறுக்குங்க. இன்னும் ஒரு சுத்து.